முதுமையும் உரிமையும்

புறநானூற்றின் 191ஆம் பாடல் பிசிராந்தையார் பாடியது. கோப்பெருஞ்சோழனை நேரிற் காணாமலே அவனோடு நட்புக் கொண்ட புலவர் என்று பாடசாலையில் படித்திருப்போம். அவரைப் பார்த்துச் சிலர் கேட்டார்களாம்: உமக்கு வயது பல ஆகியும் தலை நரைக்கவில்லையே, எப்படி? அவர் சொன்ன விடையில் நெல்லிக்காய் இல்லை, எண்ணெய் முழுக்கு இல்லை, மூச்சுப் பயிற்சி இல்லை. மனைவி மக்களைச் சொல்கிறார். வீட்டில் வேலை செய்வோரைச் சொல்கிறார். நாட்டை ஆள்பவனைச் சொல்கிறார். கடைசியாக, தமது ஊரில் வாழும் அறிவும் அடக்கமும் உள்ள பெரியோரைச் சொல்கிறார். தமது மனவலிமையைப் பற்றியோ பழக்கவழக்கங்களைப் பற்றியோ ஒரு சொல்லும் இல்லை.

இன்று முதுமை பற்றி எமக்கு வந்து சேரும் புத்தகங்களும் வானொலிப் பேச்சுகளும் வட்ஸ்அப் செய்திகளும் இதற்கு நேர்மாறாகப் பேசுகின்றன. எல்லாம் உன் கையில்தான் என்கின்றன. நல்லதை நினை, தினமும் நட, அளவாகச் சாப்பிடு, வாய்விட்டுச் சிரி, நூறு வயது வரை இருப்பாய். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த வாழ்த்துக்குள்ளே ஒரு குற்றச்சாட்டும் ஒளிந்திருக்கிறது. அப்படியென்றால் எழுபதிலே படுக்கையில் விழுந்தவர் நல்லதை நினைக்கத் தவறியவர் ஆகிறார். பாரிசவாதம் வந்தவர் தம் வாழ்வைத் தாமே கெடுத்துக்கொண்டவர் ஆகிறார். நன்றாக முதிர்வது ஒருவருடைய சொந்தச் சம்பாத்தியமா, அல்லது அவரைச் சூழ்ந்திருப்போரும் அதில் பங்காளிகளா என்பதே இக்கட்டுரையின் கேள்வி. எமது ஆலயத்துக்கு வரும் குடும்பங்களில் இது இப்போது வீட்டுக்கு வீடு உள்ள கேள்வியாகவும் ஆகிவிட்டது.

மனப்பாங்கு என்ற பகுதியை முதலில் எடுப்போம். அதை வெறும் ஆறுதல் வார்த்தை என்று தள்ளிவிட முடியாது. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து ஊர் ஒன்றில், ஐம்பது வயதைத் தாண்டியவர்களிடம் 1975இல் ஒரு கணக்கெடுப்பு நடந்தது. வயது ஏற ஏற எல்லாம் மோசமாகிறதா, முன்போல் உற்சாகம் இருக்கிறதா, பயனற்றவராகிறோம் என்று தோன்றுகிறதா என்ற வகையில் சில எளிய கேள்விகள். யேல் பல்கலைக்கழகத்துப் பெக்கா லெவியும் அவருடைய சகாக்களும் 660 பேருடைய விடைகளைப் பின்னாளைய மரணப் பதிவுகளோடு ஒப்பிட்டு 2002இல் வெளியிட்டனர். தமது முதுமையை நல்லவிதமாகப் பார்த்தவர்கள் மற்றவர்களைவிட ஏறக்குறைய 7.5 ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்திருந்தார்கள். வயது, ஆண் பெண் வேறுபாடு, வசதி, தனிமை, உடல்நிலை ஆகியவற்றையெல்லாம் கழித்துப் பார்த்த பின்னரும் அந்த வித்தியாசம் நின்றது.

கணக்குத் தொழில் செய்பவன் ஒரு பெரிய தொகையைக் கண்டதும் வவுச்சரைத் தேடுவான். முதுமைக் கதைகளில் அது மிகவும் அவசியம். 2010இல் யப்பானில், தோக்கியோ நகரின் மிக வயதான ஆண் என்று ஏட்டில் இருந்த 111 வயதுக்காரரை வாழ்த்தப் போனவர்கள், அவர் இறந்து ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் ஆகிவிட்டதைக் கண்டார்கள். குடும்பத்தார் ஓய்வூதியத்தை எடுத்து வந்திருக்கிறார்கள். பின்னர் நாடு முழுவதும் தேடியபோது, நூறு வயதைக் கடந்ததாகப் பதிவேட்டில் இருந்த 230,000க்கும் மேற்பட்டோர் எங்கே என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஆகவே இன்ன தீவில் இன்ன கிழங்கைத் தின்று எல்லோரும் நூறு வயது வாழ்கிறார்கள் என்று யாராவது சொன்னால், கிழங்கை வாங்குமுன் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தைக் கேட்பது நல்லது. ஒஹாயோ ஆய்வு அந்த வகையைச் சேர்ந்ததன்று. மரணப் பதிவுகளைப் பார்த்துச் செய்தது. ஆனாலும் நல்ல எண்ணம்தான் ஆயுளைக் கூட்டியது என்று அது நிரூபித்துவிடவில்லை. இரண்டும் சேர்ந்து நிற்கின்றன என்று காட்டியது.

அவை ஏன் சேர்ந்து நிற்கின்றன என்பதற்கு எம் வீடுகளிலேயே விளக்கம் உண்டு. முதுமை என்றால் முடிவு என்று நம்பிவிட்ட ஒருவர், முழங்கால் நோவுக்கு வைத்தியரிடம் போகமாட்டார். வயது போனால் நோகும்தானே என்பார். பிரஷர் குளிசையை ஒருநாள் போடுவார், ஒருநாள் விடுவார். காது மந்தமானால் கருவி மாட்டமாட்டார். மற்றவர்கள் பேசுவதற்குச் சும்மா தலையை ஆட்டிக்கொண்டிருப்பார், பிறகு அந்த இடத்துக்கே போகமாட்டார். எண்ணம் நேராக உயிரைக் காப்பதில்லை. எண்ணம் காலை நடக்க வைக்கிறது, கையை மருந்துப் பெட்டிக்குக் கொண்டுபோகிறது. இந்த அளவில் மனப்பாங்கும் பழக்கமும் ஒன்றேதான்.

ஆனால் அந்த மனப்பாங்கு எங்கிருந்து வருகிறது?

எமது மூத்தோர் பலர் இங்கே தாமாக வந்தவர்கள் அல்லர். 1983க்குப் பின் பிள்ளைகள் முன்னால் ஓடிவந்தோம். ஒருவர்பின் ஒருவராகக் காலூன்றியபின் பெற்றோரை ஸ்பொன்சர் செய்து அழைத்தோம். ஊரிலே அவர்களுக்கு உடற்பயிற்சி என்று ஒன்று தேவைப்படவில்லை. விடிய எழும்பி முற்றம் கூட்டினார்கள், கிணற்றில் அள்ளினார்கள், பூ ஆய்ந்தார்கள், ஆட்டுக்குக் குழை கட்டினார்கள், சைக்கிளில் சந்தைக்குப் போனார்கள். சாப்பாட்டிலே குரக்கன் பிட்டும் முருங்கையிலையும் ஒடியற் கூழும் தானாக இருந்தன. பேச ஆள் வேண்டுமென்றால் படலையைத் திறந்தால் போதும். இந்தப் பழக்கங்கள் ஒன்றும் தனியான ஒழுக்கத்தால் வந்தவை அல்ல. வளவும் தெருவும் கோயிலும் அவற்றைத் தந்தன. வளவைவிட்டு வந்தபோது பழக்கமும் போயிற்று.

இங்கே வந்தால் ஆறு மாதம் ஸ்னோ. தெரியாத பிரெஞ்சு மொழி. காலையில் பிள்ளைகள் வேலைக்கும் பேரப்பிள்ளைகள் பள்ளிக்கும் போனபின் வெறும் வீடு. குசினியில் அடுப்பு மூட்டப்போனால் அலாரம் அடிக்கும் என்ற பயம். அம்மா எதையாவது செய்ய எழுந்தால் நாங்கள் அன்போடு சொல்லும் ஒரு வசனம் உண்டு: “அம்மா, நீங்கள் ஒண்டும் செய்ய வேண்டாம். இவ்வளவு காலமும் கஷ்டப்பட்டது காணும். சும்மா இருங்கோ.”

இதைவிட நல்ல மனத்தோடு சொல்லப்படும் வசனம் எமது வீடுகளில் இல்லை. இதைவிடக் கெடுதல் செய்வதும் இல்லை என்பது என் எண்ணம்.

அமெரிக்காவின் கனெற்றிக்கட் மாநிலத்து முதியோர் இல்லம் ஒன்றில் எல்லன் லாங்கர், ஜூடித் ரொடின் என்ற இரு உளவியலாளர்கள் செய்த ஓர் ஆய்வு 1976இல் வெளிவந்தது. ஒரு மாடியில் இருந்தோரிடம், உங்கள் காரியங்களை நீங்களே தீர்மானிக்க வேண்டும், அறையை எப்படி அடுக்குவது என்பது உங்கள் பொறுப்பு என்று நிர்வாகி சொன்னார். ஒவ்வொருவரும் விரும்பிய செடி ஒன்றைத் தெரிவு செய்யலாம், தண்ணீர் ஊற்றுவது அவரவர் வேலை. வாரத்தில் எந்த இரவு படம் பார்ப்பது என்பதும் அவர்கள் விருப்பம். இன்னொரு மாடியில் இருந்தோருக்கும் செடி கொடுத்தார்கள், படமும் காட்டினார்கள். ஆனால் செடிக்குத் தாதிமார் தண்ணீர் ஊற்றுவர், பட இரவை அலுவலகம் சொல்லும், உங்களை மகிழ்ச்சியாக வைத்திருப்பது எங்கள் கடமை என்று அன்பாகச் சொன்னார்கள். மூன்று கிழமையிலேயே முதல் மாடியார் கூடுதல் உற்சாகமும் கவனமும் காட்டினார்கள். 18 மாதம் கழித்துப் பார்த்தபோது முதற் குழுவின் 47 பேரில் 7 பேரும் மற்றக் குழுவின் 44 பேரில் 13 பேரும் இறந்திருந்தார்கள்.

இங்கும் வவுச்சர் பார்க்க வேண்டும். ஆட்தொகை சிறியது. பின்னர் ஆய்வாளர்களே தம் கணக்கில் ஒரு திருத்தம் வெளியிட்டு, மரணத்தில் கண்ட வித்தியாசம் முதலில் சொன்ன அளவுக்கு உறுதியானதன்று என்றார்கள். அதற்காக அவர்களை நான் கூடுதலாக மதிக்கிறேன். மரணக் கணக்கை ஒதுக்கிவிட்டாலும் மற்றது நிற்கிறது. இரண்டு மாடியிலும் பராமரிப்பு ஒன்று, செடியும் ஒன்று. தண்ணீர் ஊற்றுவது யார் என்பது மட்டும் வேறு. எமது வீடுகள் பெரும்பாலும் அந்த இரண்டாவது மாடி.

இதை ஒவ்வொரு மார்ச் மாதமும் என் மேசையில் காண்கிறேன். எவரையும் குறிப்பிடாமல் பொதுவாகச் சொல்கிறேன். வருமான வரிப் பத்திரம் நிரப்புவதற்கு மகனோ மகளோ தாயை அல்லது தகப்பனைக் கூட்டி வருவார்கள். இந்த மாகாணத்தில் இரண்டு பத்திரம், ஒன்று ஒட்டாவாவுக்கு, ஒன்று கியூபெக்குக்கு. பிறந்த திகதியைத் தாயிடம் கேட்டால் மகன் சொல்வார். போன வருடம் வைத்தியச் செலவு உண்டா என்று கேட்டாலும் மகன்தான் சொல்வார். வங்கியில் எவ்வளவு இருக்கிறது என்பது அந்த அம்மாவுக்குத் தெரியாது. கையொப்பம் இடும் இடத்தில் மகன் விரல் வைப்பார், அம்மா இடுவார். அவர் ஊரில் முப்பது வருடம் ஆசிரியையாக இருந்து வீடு கட்டி மூன்று பெண்களுக்குக் கலியாணம் செய்து வைத்தவராக இருக்கலாம். மகனும் நல்ல பிள்ளைதான். அரைநாள் லீவு எடுத்து வந்திருக்கிறார்.

காசு விடயம் சின்ன விடயமன்று. கியூபெக்கில் பெற்றோரை ஸ்பொன்சர் செய்பவர் 10 ஆண்டுகள் அவர்களைப் பராமரிப்பதாகக் கையொப்பமிடுகிறார். அரசாங்க முதியோர் ஓய்வூதியம் பெறவும் கனடாவில் குறைந்தது 10 ஆண்டுகள் வசித்திருக்க வேண்டும். அப்போதும் முழுத்தொகையின் 40 பங்கில் 10 பங்குதான், வருமானம் குறைந்தவருக்கு அதோடு குறைநிரப்புத் தொகை உண்டு. ஆக 68 வயதில் வந்து இறங்கிய ஒருவர், 78 வயது வரை கோயில் உண்டியலில் போடும் இரண்டு டொலரையும் மருமகளிடம் கேட்டு வாங்க நேரிடலாம். இப்படி இருப்பவரிடம் நல்ல மனப்பாங்கோடு இருங்கள் என்று புத்தகம் வாங்கிக் கொடுப்பது என்ன நியாயம்? ஊரிலுள்ள வளவை விற்பதற்கு அற்றோணித் தத்துவத்தில் ஒப்பம் வாங்கும்போதாவது, விற்கத்தான் வேண்டுமா என்று அவரைக் கேட்டோமா?

தமிழ் இதை வேறு விதமாக அறிந்திருக்கிறது. ‘கிழவன்’ என்ற சொல்லை இன்று யாரைப் பார்த்துச் சொன்னாலும் கோபம் வரும். பழந்தமிழில் அதற்கு உரியவன் என்று பொருள். கிழமை என்றால் உரிமை. ஞாயிற்றுக்கிழமை என்பது ஞாயிறுக்கு உரிய நாள். தொல்காப்பியத்தின் கிழவனும் கிழத்தியும் இளவயதுக் காதலர். சங்கப் புலவர்களுள் எத்தனை கிழார்கள்! பெரியபுராணம் செய்த சேக்கிழாரின் பெயரிலும் அந்தக் கிழார் இருக்கிறார். என்றும் இளையோன் என்று நாம் வணங்கும் முருகப்பெருமானையே முன்னோர் குறிஞ்சிக்குக் கிழவன் என்றார்கள். (வள்ளியம்மையிடம் அவன் உண்மையாகவே கிழவேடத்தில் போனது வேறு கதை.) காலப்போக்கில் உரிமை என்ற பொருள் உதிர்ந்து வயது என்ற பொருள் மட்டும் மிஞ்சிவிட்டது. சொல்லுக்கு நடந்ததையே நாம் ஆட்களுக்கும் செய்துகொண்டிருக்கிறோம் என்று சில சமயம் தோன்றுகிறது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். சைவம் மூத்தோரை ஓடியாடி உழைக்கச் சொல்கிறதா? ஆசைகளைக் குறைத்து ஒதுங்கியிருக்க வேண்டிய பருவமல்லவா அது? சும்மா இருத்தலைத்தானே எம் சமயத்தில் மிக உயர்ந்த நிலையாகச் சொல்கிறார்கள்? உண்மைதான். ஆனால் அந்தச் சும்மா வேறு, குசினி வாசலில் நாம் சொல்லும் சும்மா வேறு. அருளாளர் சொன்னது, ‘நான் செய்கிறேன்’ என்ற எண்ணம் அடங்கிய நிலை. அது ஒருவர் தாமாக அடைவது. மற்றவர் சொல்லி உட்கார வைப்பது அதுவாகாது. அப்பர் சுவாமிகளைப் பாருங்கள். மரபு அவருக்கு 81 வயது சொல்கிறது. திருப்புகலூரில் கடைசிக் காலத்திலும் கையில் உழவாரத்தோடு கோயில் முற்றத்தில் புல்லுச் செதுக்கிக்கொண்டிருந்தார் என்பதைப் பெரியபுராணத்தில் படிக்கிறோம். செதுக்கிய இடத்தில் பொன்னும் மணியும் கிடந்தபோது அவற்றையும் கல்லோடு கல்லாக வாரிக் குளத்தில் எறிந்தார். ஆசையை விட்டவர், வேலையை விடவில்லை. “சுவாமி, நீங்கள் சும்மா இருங்கோ, நாங்கள் செதுக்குகிறோம்” என்று யாரும் உழவாரத்தைப் பறித்ததாகக் கதை இல்லை.

மறுப்பின் இன்னொரு பக்கம் இன்னும் கூர்மையானது. சில வீடுகளில் அம்மம்மாவுக்குச் சும்மா இருக்க நேரமே கிடையாது. இரண்டு பேரப்பிள்ளைகளைப் பார்க்கிறார், சமைக்கிறார், துணி மடிக்கிறார். மகள் வீட்டில் மூன்று மாதம், மகன் வீட்டில் மூன்று மாதம் என்று பொதிபோல அனுப்பப்படுகிறார். பிள்ளைப் பராமரிப்புச் செலவு மிச்சம். இவருக்குப் பொறுப்பு இருக்கிறதே, இவர் ஆரோக்கியமாக முதிர்கிறார் என்று சொல்லலாமா? சொல்ல முடியாது. வேலை இருப்பதும் உரிமை இருப்பதும் ஒன்றல்ல. இந்தச் சனிக்கிழமை என்னால் பிள்ளையைப் பார்க்க இயலாது, கோயிலில் பூமாலை கட்டப் போகிறேன் என்று அவர் சொல்ல முடிகிறதா? சொன்னால் வீட்டில் முகம் கறுக்காமல் இருக்கிறதா? அதுதான் பரீட்சை. தண்ணீர் ஊற்றும் உரிமையோடு, எந்தச் செடி வேண்டும் என்று தெரிவு செய்யும் உரிமையும் அந்த முதல் மாடியாருக்கு இருந்தது.

எம்மவருள் ஓர் உதாரணம் சொல்ல வேண்டுமானால் திருமதி வரதலெட்சுமி சண்முகநாதனைச் சொல்லலாம். வேலணையில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, ஆசிரியராக இருந்தவர். ஐம்பது வயதைத் தாண்டி லண்டனில் ஒரு முதுமாணிப் பட்டம் பெற்றார். 2004இல் மகள் ஸ்பொன்சர் செய்து கனடா வந்தார். 2021 நவம்பரில், தமது 87ஆம் வயதில், யோர்க் பல்கலைக்கழகத்தில் அரசியல் விஞ்ஞானத்தில் இரண்டாவது முதுமாணிப் பட்டம் பெற்றார். இலங்கையின் போரையும் சமாதானத்துக்கான வாய்ப்பையும் பற்றி எழுதினார். ஒன்ராறியோ சட்டமன்றத்தில் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

பத்திரிகைகள் அவருடைய மன உறுதியைப் புகழ்ந்தன. புகழத்தான் வேண்டும். என்றாலும் பிசிராந்தையாருடைய பட்டியலையும் இங்கே வைத்துப் பாருங்கள். அறுபதைத் தாண்டியோருக்குக் கல்விக் கட்டணம் அறவிடாத பல்கலைக்கழகம் அது. மகளும் அதே பல்கலைக்கழகத்தில் படித்தவர். “இந்த வயதில் என்னத்துக்கம்மா படிப்பு” என்று கேட்காத வீடு. நாடும் வீடும் சேர்ந்து கொடுத்த இடத்தில் அவருடைய உறுதி நின்றது.

ஊரிலே தெல்லிப்பழைத் துர்க்கையம்மன் ஆலயத்தைக் கட்டிக்காத்த சிவத்தமிழ்ச்செல்வி தங்கம்மா அப்பாக்குட்டியையும் நினைக்கிறேன். 1925இல் பிறந்து 2008இல் மறைந்தவர். ஆசிரியப் பணியில் ஓய்வு பெற்றபின்தான் அவருடைய பெரிய வேலையெல்லாம் நடந்தது. போர் மூண்டபோதும் ஆலயத்தையும் பெற்றோரை இழந்த பெண்பிள்ளைகளுக்கான இல்லத்தையும் நடத்தினார். ஊர்மக்கள் அவர் கையில் ஒப்படைத்தார்கள், அவர் சுமந்தார். எமது நகரிலேயும் மக்கில் பல்கலைக்கழக நரம்பியல் நிறுவகத்தில் ஞாபகசக்தியை ஆராய்ந்த பிரெண்டா மில்னர், 1918இல் பிறந்தவர், தொண்ணூறைக் கடந்தும் தம் அலுவலகத்துக்குப் போய்வந்தார். அவர் மேசையை யாரும் தூக்கிவிடவில்லை.

எல்லோரும் பட்டம் பெறவோ கோயில் நடத்தவோ போவதில்லை. சாதாரண பழக்கங்களுக்கு வருவோம். அறிவுமழுங்கல் நோயைப் பற்றி லான்செற் ஆணைக்குழு 2024இல் வெளியிட்ட அறிக்கை, மாற்றக்கூடிய 14 காரணிகளை எடுத்துச் சொல்லி, அவை எல்லாவற்றையும் நீக்க முடிந்தால் ஏறக்குறைய 45 வீதமான நோயைத் தடுக்கவோ தாமதிக்கவோ இயலும் என்றது. உயர் இரத்த அழுத்தம், சலரோகம், புகைத்தல், மது, உடலுழைப்பின்மை, மனச்சோர்வு, கேட்கும் சக்தி குறைதல், பார்வை குறைதல், தனிமை ஆகியன அவற்றுட் சில. இந்தப் பட்டியலைத் தனிமனித ஒழுக்கமாக மட்டும் வாசிக்க முடியாது. சலரோகக்காரருக்கு மூன்று வேளையும் வெள்ளை அரிசிச் சோறு வைப்பவர்கள் நாங்கள்தான், பிறகு சீனி கூடிப்போச்சு என்று ஏசுபவர்களும் நாங்கள்தான். காதுக் கருவிக்கு வைத்தியரிடம் நாள் குறிக்கத் தொலைபேசி எடுக்க வேண்டியவரும் பிரெஞ்சு தெரிந்த பிள்ளைதான்.

நடை விடயத்தில் இந்தப் பகுதி அவ்வளவு மோசமில்லை. கோடையில் டொலார்ட்-டெஸ்-ஓர்மோவின் சென்ரெனியல் பூங்காவிலே குளக்கரையில் நடக்கலாம். பனிக்காலத்தில் பொயின்ற்-கிளேயர் பெயார்வியூ அங்காடிக்குள் நடக்கலாம், ஒன்றும் வாங்க வேண்டியதில்லை. பூட்ஸின் அடியில் மாட்டும் முள்ளுப் பட்டி ஒரு சோடி வாங்கிக் கொடுப்பது, விழுந்து இடுப்பெலும்பு முறிந்தபின் எடுக்கும் லீவைவிட மலிவு. மொன்றியல் தீவில் வசிக்கும் 65 வயதைக் கடந்தோருக்குப் பேருந்தும் மெட்ரோவும் 2023 ஜூலையில் இலவசமாக்கப்பட்டன. அட்டையை எடுத்துக் கொடுத்து, இரண்டு தரம் கூடப் போய் வழி காட்டினால், மூன்றாம் தரம் தகப்பனார் தனியாகக் கோயிலுக்கு வருவார். வழியில் மாறி இறங்குவார், பயப்படுவார், யாரிடமோ கேட்டு வந்து சேர்வார். அந்தக் கதையைப் பத்துப் பேருக்குச் சொல்வார். அன்றைக்கு அவருக்கு எந்த மனப்பாங்குப் புத்தகமும் தேவைப்படாது. தொலைந்துவிடுவாரே என்று பயப்படுகிறோம். பயம் நியாயமானதுதான். ஆனால் எமது பயத்துக்கான விலையை அவர்தான் வீட்டுக்குள் இருந்து கட்டுகிறார்.

எல்லை ஒன்றும் சொல்லியாக வேண்டும். மறதி நோய் முற்றியவர், படுக்கையோடு கிடப்பவர் ஆகியோரிடம் பொறுப்பையும் தெரிவையும் பற்றிப் பேசுவது கொடுமை. 2020 வசந்த காலத்தில் கொவிட் பரவியபோது, எமது ஆலயத்துக்கு அதிக தூரமில்லாத டோர்வாலில், தனியார் முதியோர் இல்லம் ஒன்றில் ஊழியர் பெரும்பாலோர் வராமற்போக, முதியோர் ஊணும் நீரும் கவனிப்புமின்றிக் கிடந்தார்கள். பலர் இறந்தார்கள். விசாரணை நடந்து 2022இல் அறிக்கை வந்தது. அங்கே கிடந்தவர்களுள் வாழ்நாள் முழுவதும் நடந்தவர்களும் அளவோடு உண்டவர்களும் சிரித்த முகத்தோடு இருந்தவர்களும் இருந்திருப்பார்கள். ஊரும் அரசும் கைவிட்டால் தனிமனித ஒழுக்கம் ஒருவரை எவ்வளவு தூரம் காப்பாற்றும் என்பதை அந்த ஒரு மாதம் காட்டியது. பிசிராந்தையார் அரசனையும் ஊராரையும் தம் பட்டியலில் சேர்த்தது சும்மா முகத்துதிக்காக அன்று.

தீர்மானிக்கும் சக்தி குறைந்துவிட்டவரிடமும் முற்றாக ஒன்றும் இல்லாமற் போவதில்லை. எந்தச் சேலை உடுப்பது, சாமிக்கு எந்தப் பூ வைப்பது, தேநீரா கோப்பியா என்ற கேள்விகளாவது மிச்சமிருக்கும். கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்க ஒரு நிமிடம் ஆகும். காலை ஏழு மணிக்கு வேலைக்கு ஓடுபவருக்கு அந்த ஒரு நிமிடம் எவ்வளவு கடினம் என்பது எனக்கும் தெரியும். நாற்பதுகளில் இருக்கும் எங்களுக்கு இன்னும் இருபத்தைந்து வருடம் கழித்து இதே கதிரை காத்திருக்கிறது. எங்கள் பிள்ளைகள் இப்போது எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

ஆலயத்திலும் சில சிறு காரியங்கள் செய்யலாம். மூத்தோருக்கென்று ஒரு நிகழ்ச்சி வைக்கும்போது நேரத்தையும் பேச்சாளரையும் நாங்களே முடிவு செய்துவிட்டு அவர்களை முன்வரிசையில் இருத்துகிறோம். அடுத்த தடவை அவர்களே கூடி முடிவு செய்யட்டும். அன்னதானச் சமையலில் உப்புப் பார்க்கும் உரிமை, திருவிழாவுக்கு மாலை கட்டும் பொறுப்பு, தமிழ் வகுப்பில் பிள்ளைகளுக்குத் தேவாரம் சொல்லிக் கொடுக்கும் அரைமணி நேரம் ஆகியவற்றை அவர்கள் பெயரில் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். பிழைத்தால் பிழைக்கட்டும். உப்புக் கூடினால் ஒருநாள் தண்ணீர் கூடுதலாகக் குடிப்போம்.

வரும் வரிக்காலத்துக்கு என் பங்காக ஒன்று தீர்மானித்திருக்கிறேன். தாய் தகப்பனோடு வரும் பிள்ளைகள் இதை இப்போதே அறிந்துகொள்வது நல்லது. கேள்விகளை நான் பெரியவரிடம்தான் கேட்பேன். அவருக்குக் காது கேளாவிட்டால் இரண்டாம் தரம் சத்தமாகக் கேட்பேன். பதில் வரும்வரை நாங்கள் இருவரும் பேசாமல் இருப்போம். ஏப்ரல் 30 வரை நேரம் இருக்கிறது.